முன்னோட்டத்தில் ஒன்று, பக்கத்தில் வேறொன்று: மார்க்டவுன் மாற்றிகள் பற்றி வாசகர் கேள்விகள்

நட்சத்திரக் குறியும் சிறுகோடும் போட்டு எழுதியதை எச்டிஎம்எல் ஆக்கித் தரும் மாற்றிகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்திருக்கிறோம். உதாரணங்களை அப்படியே தட்டச்சு செய்து உங்கள் செயலியில் சோதித்துப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வலைச் செயலியில் பயனர்கள் மார்க்டவுனில் எழுதுகிறார்கள். எழுதும்போது பிரவுசரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி முன்னோட்டம் காட்டுகிறது. சேமித்த பிறகு சர்வரில் பைத்தான்-மார்க்டவுன் எச்டிஎம்எல் ஆக்குகிறது. முன்னோட்டத்தில் உள்பட்டியலாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒரே மட்டத்தில் வந்து நிற்கிறது. எந்த லைப்ரரிக்கு மாறினால் இரண்டும் ஒன்றாக இருக்கும்?

பதில்: லைப்ரரியைத் தேடுவது இரண்டாவது வேலை. எந்த வரையறையைப் பின்பற்றப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதைச் செய்யாமல் லைப்ரரியை மட்டும் மாற்றினால், இன்று உள்பட்டியலில் வந்த பிரச்சினை நாளை வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

2004-இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோது கூடவே தந்தவை ஒரு விளக்கப் பக்கமும் ஒரு பெர்ல் ஸ்கிரிப்டும்தான். உள்பட்டியலுக்கு எத்தனை இடைவெளி விட வேண்டும், தலைப்புக் குறிக்கு அடுத்து இடைவெளி கட்டாயமா, பத்திக்கு அடுத்த வரியிலேயே பட்டியல் தொடங்கலாமா என்பவற்றுக்கு அந்த விளக்கத்தில் உறுதியான விடை கிடையாது. பிறகு எழுதியவர்கள் ஆளுக்கொரு விடையை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் இரண்டு லைப்ரரிகளும் இப்போது சண்டை போடுவது அதனால்தான். இதைப் பாருங்கள்:

- முதல் வேலை
  - அதன் உட்பிரிவு

இரண்டாம் வரிக்கு முன்னால் 2 இடைவெளி. பைத்தான்-மார்க்டவுன் உள்பட்டியலுக்கு 4 இடைவெளி எதிர்பார்க்கும். 2 தான் இருக்கிறது என்றால், அந்த வரியை முதல் வரியின் உடன்பிறப்பாக எடுத்துக்கொள்ளும். மார்க்டவுனின் விதிகளைத் துல்லியமாக வகுக்க 2014-இல் வெளிவந்த காமன்மார்க் வரையறை இடைவெளியை இப்படி எண்ணுவதில்லை. மேல்வரியில் எழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராகவோ அதைத் தாண்டியோ கீழ்வரி தொடங்கினால் அது உட்பிரிவு. சிறுகோட்டுப் பட்டியலில் எழுத்து மூன்றாவது இடத்தில் தொடங்குவதால் 2 இடைவெளி போதும். '1.' என்று எண்ணிட்ட பட்டியலில் 3 வேண்டும்; '10.' வந்துவிட்டால் 4. அதே 2 இடைவெளியை எண்ணிட்ட பட்டியலுக்குக் கீழே விட்டால் காமன்மார்க்கிலும் உட்பிரிவு அமையாது, தனிப் பட்டியலாகப் பிரிந்துவிடும். 'சில இடத்தில் சரியாக வருகிறது, சில இடத்தில் வரவில்லை' என்று பயனர்கள் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான். மாற்றம் முடியும்வரை 4 இடைவெளி விடச் சொல்லுங்கள். இரண்டு தரப்பும் அதை ஒரே மாதிரி புரிந்துகொள்ளும்.

ஆகவே காமன்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை, அடித்தல் கோடு, செய்பணிப் பட்டியல் தேவையென்றால் அதன்மேல் கட்டப்பட்டு 2017-இல் வரையறையாக வெளியான கிட்ஹப் வகையை எடுங்கள். எங்கள் பரிந்துரைக்கு முக்கியக் காரணம், காமன்மார்க் வரையறைக்குள்ளேயே 600-க்கு மேற்பட்ட உதாரணங்கள், உள்ளீடும் எதிர்பார்க்கும் வெளியீடும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு லைப்ரரி 'நான் காமன்மார்க்' என்று சொன்னால் அந்த உதாரணங்களை ஓட்டிப் பார்த்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

வரையறை முடிவானதும், முன்னோட்டமும் பக்கமும் ஒத்துப்போக மூன்று வழிகள் உண்டு. எங்கள் வாக்கு முதல் வழிக்கே: மாற்றும் வேலை ஒரே இடத்தில், அதாவது சர்வரில் மட்டும் நடக்கட்டும். பயனர் தட்டச்சை நிறுத்தி 300 முதல் 500 மில்லிசெகண்ட் ஆனதும் எழுதியதைச் சர்வருக்கு அனுப்பி, திரும்பி வரும் எச்டிஎம்எல்லை முன்னோட்டத்தில் காட்டுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பழைய எண்ணோடு தாமதமாக வரும் பதிலைத் தூக்கிப் போடுங்கள். இதை விட்டுவிட்டால், மெதுவான இணைப்பில் எழுதியது பின்னோக்கிப் போவதுபோல் முன்னோட்டம் குதிக்கும்.

இணைப்பு இல்லாமலும் முன்னோட்டம் வேண்டுமென்றால் இரண்டாவது வழி. ரஸ்ட் மொழியில் உள்ள காம்ராக் என்ற காமன்மார்க் மாற்றி போன்ற ஒன்றை, பிரவுசரில் ஓடக்கூடிய வெப்அசெம்ப்ளி வடிவமாகத் தொகுத்து பிரவுசரிலும், அதே நிரலைச் சர்வரிலும் ஓட்டுங்கள். மூன்றாவது, ஒரே லைப்ரரியின் இரு மொழி வடிவங்கள்: பிரவுசரில் மார்க்டவுன்-இட், சர்வரில் அதன் பைத்தான் வடிவமான மார்க்டவுன்-இட்-பை. உங்களுக்கு ஏற்கெனவே பைத்தான் சர்வர் இருப்பதால் இது எளிதாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எந்த அமைப்பும் கொடுக்காமல் தொடங்கினால் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் பயனர் எழுதும் எச்டிஎம்எல்லை அனுமதிக்காது. அட்டவணையையும் அடித்தல் கோட்டையும் ஏற்கும். பைத்தான் வடிவமோ 'காமன்மார்க்' அமைப்பில் தொடங்கும். எச்டிஎம்எல்லை உள்ளே விடும், அட்டவணையை ஏற்காது. பெயரும் ஒன்று, மூலமும் ஒன்று, தொடக்க நிலை மட்டும் நேர் எதிர். பைத்தான் பக்கத்தில் 'ஜேஎஸ்-டிஃபால்ட்' என்ற அமைப்பை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் இது சரியாகிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு 50, 60 மாதிரிகளைக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உள்பட்டியல், பட்டியலுக்குள் கோட், அட்டவணைக்குள் செங்குத்துக் கோடு, தமிழ்ச் சொல்லின் நடுவில் தடித்த எழுத்து, வெறும் முகவரி என்று உங்கள் பயனர்கள் உண்மையில் எழுதுபவையாக அவை இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இரு பக்கமும் அவற்றை ஓட்டி ஒப்பிடுங்கள். லைப்ரரியின் வெர்ஷனைத் துல்லியமாகப் பூட்டி வையுங்கள். 'இதுவோ இதற்கு மேலோ' என்று விட்டால் ஒருநாள் ஒரு பக்கம் மட்டும் தானாக முன்னேறிவிடும்.

கேள்வி: மற்ற நிரல் மொழிகளில் எதை எடுக்கலாம்? பாண்டாக் என்ற கோப்பு மாற்றி சரிவருமா?

பதில்: காமன்மார்க்கைப் பின்பற்றுபவை என்று பார்த்தால், சி மொழியில் சிமார்க், கோ மொழியில் கோல்ட்மார்க், ஜாவாவில் காமன்மார்க்-ஜாவா, டாட்நெட்டில் மார்க்டிக், பிஹெச்பியில் லீக் காமன்மார்க், ரூபியில் காமன்மார்க்கர். ரூபியின் க்ராம்டவுனும் பைத்தான்-மார்க்டவுனும் மோசமானவை அல்ல. இரண்டும் தத்தம் வழியில் நன்றாக வேலை செய்பவை. ஆனால் அவை வேறு கிளைமொழிகள். முன்னோட்டம் காமன்மார்க், சர்வர் க்ராம்டவுன் என்று கலந்தால் பொருந்தாது.

பாண்டாக் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேர்ட் கோப்பு, மின்னூல் என்று பல வடிவங்களுக்கு மாற்ற அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் உள்ளீட்டு வடிவத்தை வெறுமனே 'மார்க்டவுன்' என்று கொடுத்தால் அது பாண்டாக்கின் சொந்தக் கிளைமொழி. அதில் தலைப்புக்கும் மேற்கோளுக்கும் முன்னால் வெற்று வரி வேண்டும். 'காமன்மார்க்' அல்லது கிட்ஹப் வகைக்கான பெயரைச் சொல்லித்தான் ஓட்ட வேண்டும். பயனர் எழுதியதைக் கொடுப்பதானால், சர்வரில் உள்ள மற்ற கோப்புகளைத் தொடவிடாத சாண்ட்பாக்ஸ் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயனர்கள் கவிதை எழுதி ஒவ்வொரு வரிக்கும் எண்டர் தட்டுகிறார்கள். பக்கத்தில் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்கிறது. லைப்ரரியின் பிழையா?

பதில்: இல்லை, மார்க்டவுனின் விதியே அதுதான். ஒற்றை எண்டர் வெறும் இடைவெளிக்குச் சமம். வரி முறிய வேண்டுமென்றால் வரியின் கடைசியில் 2 இடைவெளி விட வேண்டும், அல்லது காமன்மார்க்கில் பின்சாய்கோடு போட வேண்டும். கடைசியில் விடும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, பல எடிட்டர்கள் சேமிக்கும்போது அதை நீக்கியும் விடும். சாதாரணப் பயனர்கள் எழுதும் செயலியில் இதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பெரும்பாலான லைப்ரரிகளில் ஒற்றை எண்டரையே வரிமுறிவாக எடுத்துக்கொள்ளும் விருப்பம் உண்டு. அதை இயக்குங்கள்; முன்னோட்டத்திலும் சர்வரிலும் சேர்த்தே இயக்குங்கள். செயலி தொடங்கும் நாளிலேயே இதைத் தீர்மானித்துவிடுவது நல்லது. பிறகு மாற்றினால், வேறோர் எடிட்டரில் 80 எழுத்துக்கு ஒருமுறை வரி மடித்து எழுதி ஒட்டப்பட்ட பழைய கட்டுரைகள் எல்லாம் துண்டு துண்டாக நிற்கும்.

கேள்வி: தமிழில் எழுதும்போது சில இடங்களில் மட்டும் தடித்த எழுத்து வராமல் நட்சத்திரக் குறி அப்படியே தெரிகிறது. ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. தமிழ் எழுத்துருவைச் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வருகிறது. குறியை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று காமன்மார்க் முடிவு செய்யும் விதி, சொல்லைச் சுற்றி இடைவெளி விடும் பழக்கத்தை வைத்து எழுதப்பட்டது. இரண்டும் மோதும் இடங்கள் இரண்டு.

முதலாவது, அடிக்கோட்டுக் குறி. இதைப் பாருங்கள்:

`__வீடு__க்கு`

இது தடிக்காது. நிரல் மாறிகளின் பெயர்களில் அடிக்கோடு நிறைய வருவதால், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே வரும் அடிக்கோட்டைக் குறியாக எடுப்பதில்லை என்று விதி இருக்கிறது. 'க்கு' ஒட்டிக்கொண்டதும் மூடும் அடிக்கோடு சொல்லின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. நட்சத்திரத்துக்கு அந்தத் தடை இல்லை. `**வீடு**க்கு` சரியாகவே வரும். உங்கள் எடிட்டரின் தடித்த, சாய்ந்த எழுத்துப் பொத்தான்கள் அடிக்கோட்டைப் போடுகின்றனவா என்று பாருங்கள். போட்டால் நட்சத்திரத்துக்கு மாற்றுங்கள். பெரும்பகுதி புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது:

`**"குறள்"**ஐப் படித்தேன்`

இங்கே நட்சத்திரம் போட்டும் தடிக்காது. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் மேற்கோள் குறி, பின்னால் எழுத்து. முன்னால் நிறுத்தற்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தற்குறியோ இருந்தால்தான் அதை மூடும் குறியாக ஏற்போம் என்பது காமன்மார்க் விதி. 'ஐ' வந்ததால் அதைத் திறக்கும் குறி என்று எண்ணிவிடுகிறது. பிறகு மூடும் குறியே கிடைக்காமல் நான்கு நட்சத்திரங்களும் அப்படியே அச்சாகின்றன. மேற்கோள் குறியை வெளியே கொண்டுவந்தால் தீர்ந்தது:

`"**குறள்**"ஐப் படித்தேன்`

`**குறிப்பு:**இதை` என்று முக்காற்புள்ளியை ஒட்டி எழுதினாலும் இதே கதிதான். அங்கே ஓர் இடைவெளி விட்டால் போதும். அடைப்புக்குறியோடு முடிந்து உருபு ஒட்டும் இடமும் இப்படியே. சிலர் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியை நடுவில் செருகிப் பார்க்கிறார்கள். யூனிகோட் கணக்கில் அது இடைவெளி வகையைச் சேர்ந்ததல்ல, ஆகவே பயனில்லை. தேடலைக் கெடுப்பதுதான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றும். வேர்ட் செயலியிலிருந்து ஒட்டும்போது சாதாரண இடைவெளிக்குப் பதில் 'முறியா இடைவெளி' வந்துவிடுவதுண்டு. `#` குறிக்கு அடுத்து அது இருந்தால் தலைப்பு உருவாகாது, ஏனெனில் அங்கே சாதாரண இடைவெளியோ டேபோதான் வேண்டும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், பயனர் பத்து முறை அழித்து எழுதுவார். உள்ளீட்டை வாங்கும்போதே வரித் தொடக்கங்களில் இதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தலைப்புகளுக்குத் தானாக உருவாகும் இணைப்புப் பெயர்கள் தமிழில் வேலை செய்யவில்லை. உள்ளடக்கப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் வேறொரு தலைப்புக்குப் போகிறது.

பதில்: முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தலைப்புக்கு இணைப்புப் பெயர் உருவாக்குவது காமன்மார்க் வரையறையிலேயே கிடையாது. ஒவ்வொரு லைப்ரரியும், ஒவ்வொரு நீட்சியும் தன் விருப்பப்படி செய்கிறது. மற்ற எல்லாம் ஒத்துப்போன பிறகும் முன்னோட்டமும் பக்கமும் வேறுபடும் இடம் பெரும்பாலும் இதுவே.

பழைய நிரல்கள் ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிடும். பைத்தான்-மார்க்டவுனின் உள்ளடக்கப் பட்டியல் நீட்சி தொடக்க நிலையில் அப்படித்தான் செய்கிறது. தமிழ்த் தலைப்பு முழுவதும் காலியாகி, அடிக்கோடு 1, அடிக்கோடு 2 என்று எண்கள் வரும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் நகர்ந்து, வெளியே பகிரப்பட்ட இணைப்புகள் தப்பான இடத்துக்குப் போகும்.

'யூனிகோட் ஆதரவு உண்டு' என்று சொல்லும் நிரல்களில் இன்னொரு சிக்கல். 'எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொள், மற்றதை நீக்கு' என்று அவை எழுதப்பட்டிருக்கும். யூனிகோடில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை. 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீடும் அவற்றை எழுத்தாக எண்ணுவதில்லை. விளைவு: 'கல்வி' என்ற தலைப்பில் புள்ளியும் இகரக் குறியும் போய் 'கலவ' ஆகிறது. 'கலவை' என்ற தலைப்பில் ஐகாரக் குறி போய் அதுவும் 'கலவ' ஆகிறது. இரண்டு தலைப்பும் ஒரே பெயருக்கு மோதும். உங்களுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சொந்தமாக 10 வரியில் ஒரு செயல்கூறு எழுதிக் கொடுத்துவிடுங்கள், கிட்டத்தட்ட எல்லா லைப்ரரிகளும் அதை ஏற்கும். முதலில் தலைப்பை, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்து, குறி, எண் ஆகிய மூன்று வகைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளிகளைச் சிறுகோடாக்கி, மற்றவற்றை நீக்குங்கள். அதே பெயர் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் கடைசியில் எண்ணைச் சேருங்கள்.

என்எஃப்சி ஏன் என்றால், 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. காமன்மார்க்கில் ஒரு பெயரைச் சொல்லி இணைப்பைக் கீழே தனியாக வரையறுக்கும் முறையிலும் இது உதைக்கும். `[கொள்கை]` என்று மேலே ஒரு விசைப்பலகையிலும் கீழே இன்னொன்றிலும் தட்டியிருந்தால் இரண்டும் பொருந்தாது. வரையறை இந்த ஒருமைப்படுத்தலைச் செய்யச் சொல்லவில்லை. உள்ளீடு முழுவதையுமே சேமிக்கும் முன் என்எஃப்சி ஆக்கிவிடுவதுதான் நிம்மதி.

கேள்வி: பாதுகாப்புக்காக, பயனர் எழுதியதில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை முதலில் செயலிழக்கச் செய்துவிட்டுப் பிறகு மார்க்டவுன் மாற்றிக்குக் கொடுக்கிறோம். இது போதுமா?

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் மாற்றுங்கள், வந்த எச்டிஎம்எல்லைப் பிறகு சுத்தம் செய்யுங்கள்.

நீங்கள் செய்வதில் இரண்டு கேடுகள். ஒன்று, நல்ல பதிவுகள் கெடும். மேற்கோளுக்கு வரித் தொடக்கத்தில் போடும் `>` குறி முன்கூட்டியே `>` ஆகிவிட்டால் மாற்றிக்கு அது மேற்கோளாகவே தெரியாது. கோட் பகுதிக்குள் இருப்பவற்றை மாற்றியும் தன் பங்குக்கு மறுபடி செயலிழக்கச் செய்யும், வாசகருக்கு `<` என்று எழுத்தாகவே தெரியும். இன்னொன்று, ஆபத்து அப்படியே நிற்கும். மார்க்டவுன் இணைப்பின் முகவரியில் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்கி எழுதினால் அதில் எச்டிஎம்எல் குறியே இல்லை, உங்கள் சல்லடையில் சிக்காது. மாற்றி அதை நல்ல பிள்ளையாக ஓர் இணைப்பாக்கிக் கொடுக்கும். நடு எழுத்தை எண்குறியீடாக எழுதினாலும் காமன்மார்க் முகவரிக்குள் அதை அவிழ்த்துத் திரும்ப எழுத்தாக்கிவிடும்.

முதல் அரணாக மாற்றியின் அமைப்புகளைப் பாருங்கள். லீக் காமன்மார்க் தொடக்க நிலையில் எச்டிஎம்எல்லையும் ஆபத்தான இணைப்புகளையும் அனுமதிக்கும். இரண்டையும் நீங்கள்தான் மூட வேண்டும். கோல்ட்மார்க் தொடக்கத்திலேயே மூடி வைத்திருக்கும். மார்க்டவுன்-இட் லைப்ரரியில் 'காமன்மார்க்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எச்டிஎம்எல் திறந்துவிடும். பெயரைப் பார்த்து 'இதுதான் தரமானது' என்று தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது அரண், வெளியீட்டைச் சுத்தம் செய்யும் தனி லைப்ரரி. பிரவுசரில் டோம்ப்யூரிஃபை, பைத்தானில் என்ஹெச்3. பைத்தானின் ப்ளீச் 2023-இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டுவிட்டது, புதிதாக அதில் தொடங்க வேண்டாம். அனுமதிக்கும் டேகுகளை மட்டும் பட்டியலிடுங்கள், தடுப்பவற்றைப் பட்டியலிடாதீர்கள்.

பட்டியலைப் போட்டதும் சில சின்ன விஷயங்கள் காணாமல் போகும். எண்ணிட்ட பட்டியலின் தொடக்க எண் பண்பை அனுமதிக்காவிட்டால் 5-இல் தொடங்கிய பட்டியல் 1 ஆகும். கோட் டேகின் வகுப்புப் பெயரை நீக்கினால் வண்ணம் போகும். அட்டவணை நெடுவரிசைகளை வலப்பக்கம் ஒதுக்க சிமார்க்கின் கிட்ஹப் வடிவம் ஒரு பண்பைப் பயன்படுத்துகிறது. மார்க்டவுன்-இட் ஸ்டைல் பண்பைப் பயன்படுத்துகிறது. ஸ்டைல் பண்பைச் சுத்திகரிப்பான் வெட்டுவது சரியே, ஆனால் எண்கள் எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். மாற்றியின் வெளியீட்டில் அந்த இடத்தை மட்டும் ஒரு வகுப்புப் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 50 மாதிரிகளைச் சுத்திகரிப்புக்கும் பிறகு ஒப்பிடுவது இதற்காகத்தான்.

கேள்வி: டேட்டாபேஸில் மார்க்டவுனைச் சேமிப்பதா, எச்டிஎம்எல்லையா?

பதில்: மார்க்டவுன் மூலத்தைக் கட்டாயம் சேமியுங்கள். எச்டிஎம்எல் என்பது எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கக்கூடிய நகல். வேகத்துக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் எந்த மாற்றி, எந்த வெர்ஷன், எந்த அமைப்பு என்பதை ஒரு சிறு நெடுவரிசையில் எழுதுங்கள். பதிவைத் திறக்கும்போது அந்த முத்திரை இப்போதையதோடு பொருந்தவில்லை என்றால் மட்டும் மறுபடி உருவாக்குங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோட் தரும் எண்) 3 பைட். 'கி' என்பது இரண்டு குறியெண், ஆக 6 பைட். மைஎஸ்க்யூஎல்லின் சாதாரண டெக்ஸ்ட் வகை 65,535 பைட்தான் கொள்ளும். தமிழில் அது 21,845 குறியெண்கள். நீண்ட கட்டுரை தாண்டிவிடும். மீடியம்டெக்ஸ்ட் வகையை எடுங்கள்.

கேள்வி: பழைய மாற்றியில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. புதியதற்கு மாறினால் அவை கெடாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: பெரிய தளங்களே இந்த வேலையைச் செய்திருக்கின்றன. கிட்ஹப் 2017-இலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2020-இலும் காமன்மார்க்குக்கு மாறின. ஊகிப்பதை விட்டுவிட்டு அளந்து பார்ப்பதுதான் வழி.

எல்லாப் பதிவுகளின் மூலத்தையும் பிரதி எடுத்து, பழைய மாற்றியிலும் புதியதிலும் ஓட்டுங்கள். வெளியீடுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் வரிமுறிவு டேகுக்குள் சாய்கோடு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் வேறுபாடாகக் காட்டி மூச்சு முட்டவைக்கும். இரண்டையும் எச்டிஎம்எல் மரமாகப் பகுத்து, பண்புகளை அகர வரிசையில் அடுக்கி, தேவையற்ற வெற்றிடங்களை ஒடுக்கிய பிறகு ஒப்பிடுங்கள். வேறுபட்டவற்றை, முதல் வேறுபாடு எந்த டேகில் தொடங்குகிறது என்பதை வைத்துக் குழுவாக்குங்கள். பல ஆயிரம் பதிவுகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்களில் அடங்குவதைக் காண்பீர்கள்.

அவற்றில் தவறாமல் வருவது `#தலைப்பு` என்று இடைவெளி இல்லாமல் எழுதியது. பழைய மாற்றிகள் பல இதைத் தலைப்பாக ஏற்கும், காமன்மார்க் ஏற்காது. தானியங்கியாக இடைவெளியைச் செருகத் தோன்றும், ஆனால் இரண்டு இடங்களைத் தவிருங்கள்: கோட் பகுதிக்குள் இருக்கும் வரிகள், அப்புறம் ஹேஷ்டேகுகள். பழைய மாற்றி எதைத் தலைப்பாக ஆக்கியதோ அந்த வரியை மட்டும், அதுவும் பழைய வெளியீட்டோடு பொருத்திப் பார்த்துத் திருத்துவதே பாதுகாப்பானது. திருத்திய மூலத்தைப் புதிய மாற்றியில் ஓட்டி, பழைய வெளியீட்டோடு ஒத்துப்போனால் மட்டும் சேமியுங்கள்.

மிஞ்சும் கடினமான பதிவுகளைத் தொடவே வேண்டாம். அவற்றின் பழைய எச்டிஎம்எல்லை அப்படியே உறையவைத்து, முத்திரையில் 'பழையது' என்று விட்டுவிடுங்கள். எழுதியவர் அடுத்து அந்தப் பதிவைத் திருத்தத் திறக்கும்போது புதிய மாற்றியின் முன்னோட்டத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்வார்.

கேள்வி: மார்க்டவுனை விட்டுவிட்டு, இதேபோன்ற வேறு எழுத்து முறைகளான ஆஸ்கிடாக் அல்லது ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் எடுத்தால் இந்தக் குழப்பங்கள் இருக்காதே?

பதில்: கிளைமொழிக் குழப்பம் குறையும் என்பது உண்மை. ஆஸ்கிடாக்கை மாற்றும் ஆஸ்கிடாக்டரின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் ரூபி மூலத்திலிருந்தே மொழிமாற்றித் தொகுக்கப்படுவது, எனவே பிரவுசரும் சர்வரும் நெருக்கமாக ஒத்துப்போகும். தொழில்நுட்பக் கையேடு எழுதும் சிறு குழுவுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்போம். பொதுப் பயனர்களிடம் கொடுப்பதானால், இவ்விரண்டிலும் வேறு கோப்பை உள்ளே இழுக்கும் கட்டளைகள் உண்டு என்பதை மறக்காதீர்கள். ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டை மாற்றும் டாக்யூட்டில்ஸில் கோப்புச் செருகல், கச்சா வெளியீடு ஆகிய இரண்டு அமைப்புகளையும் அணைக்காவிட்டால், சர்வரில் உள்ள கோப்பை ஒரு பயனர் தன் பதிவுக்குள் கொண்டுவந்து படித்துவிட முடியும். ஆஸ்கிடாக்டரை நிரலுக்குள்ளிருந்து அழைத்தால் தொடக்க நிலையே பாதுகாப்பானது. கட்டளை வரியில் ஓட்டினால் அப்படியல்ல.

கேள்வி: ஒரே ஒரு பதிவைத் திறந்தால் சர்வர் ஒரு நிமிடம் திணறுகிறது.

பதில்: அந்தப் பதிவில் `[` அல்லது `>` ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் மூடும் குறியைத் தேடி ஆவணத்தின் கடைசிவரை போய்வரும் மாற்றிகளில், நீளம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். சிமார்க் போன்றவை இத்தகைய உள்ளீடுகளுக்கென்றே சோதனைகள் வைத்திருக்கின்றன. பதிவின் நீளத்துக்கு ஒரு வரம்பு, உள்ளடுக்கு ஆழத்துக்கு ஒரு வரம்பு, மாற்றும் வேலைக்கு 1 அல்லது 2 விநாடிக் கெடு ஆகிய மூன்றையும் வையுங்கள். கெடு தாண்டினால் மூலத்தை வெறும் உரையாகக் காட்டலாம். நீள வரம்பைப் பைட்டில் வைத்தால் தமிழ் எழுதுபவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே கிடைக்கும், குறியெண் எண்ணிக்கையில் வையுங்கள்.

கேள்வி: '1986. அந்த ஆண்டில்தான்' என்று தொடங்கும் பத்தி பட்டியலாகிவிடுகிறது.

பதில்: எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரித் தொடக்கத்தில் வந்தால் பட்டியல்தான், 9 இலக்கம் வரை காமன்மார்க் ஏற்கும். புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்: `1986\. அந்த ஆண்டில்தான்`. ஓடிக்கொண்டிருக்கும் பத்தியின் நடுவில் ஒரு வரி இப்படித் தொடங்கினால் பாதிப்பில்லை, அங்கே 1 என்ற எண்ணால் மட்டுமே பட்டியலைத் தொடங்க முடியும். ௧, ௨ என்று தமிழ் எண்களில் எழுதினால் பட்டியலாகவே ஆகாது.